என் பெயரைத் தேடிய 29 மாதங்கள்

தேவன் என்னை இரட்சிப்புக்கென்று முன்னமே தெரிந்துகொண்டாரா, அதாவது தேர்ந்தெடுத்தாரா, இல்லையா என்ற ஒரே கேள்வியோடு நான் 29 மாதங்கள் வாழ்ந்தேன். அந்த நாட்களிலும் வேலைக்குப் போனேன், வீட்டைக் கவனித்தேன், ஞாயிறு ஆராதனையில் மற்றவர்களோடு சேர்ந்து பாடினேன். வெளியிலிருந்து பார்த்த எவருக்கும் எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. உள்ளே மட்டும், முதல் நான்கு மாதங்கள் கழிந்தபின், தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டு, அதன் விவரம் என்னிடமிருந்து மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற நடுக்கம் ஒரு நாளும் நீங்கவில்லை. இப்படி ஒரு குழி இருக்கிறது என்று முன்னமே யாராவது சொல்லியிருந்தால் அதில் விழாமல் இருந்திருப்பேனா என்று தெரியாது; விழுந்த பிறகு இத்தனை காலம் தனியாகக் கிடந்திருக்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயம். அதே கேள்வியோடு இன்றிரவு விழித்திருக்கும் ஒருவருக்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எல்லாம் என் தம்பியை முன்னிட்டுத் தொடங்கியது. ஒரே வீட்டில், ஒரே குடும்ப ஜெபத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள்; ஒரே ஞாயிறு பள்ளியில் ஒரே வசனங்களை மனப்பாடம் செய்தோம். பெற்றோரின் விசுவாசமாக இருந்தது என் 17-ஆவது வயதில் என்னுடைய விசுவாசமாயிற்று. அவனுக்கோ 20 வயதில் இருந்ததும் போயிற்று. யார்மேலும் கோபித்துக்கொண்டு அவன் விலகவில்லை. “நானும் முயன்று பார்த்தேன் அக்கா, எனக்கு அது வரவில்லை” என்று தலைகுனிந்து சொன்னான். அவனுக்காக 11 ஆண்டுகள் ஜெபித்தேன். பவுலின் பிரசங்கத்தைக் கேட்ட லீதியாள் என்ற பெண்ணைக் குறித்து, அவள் இருதயத்தைக் கர்த்தர் திறந்தருளினார் என்று அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. என் இருதயத்தைத் திறந்தவர் அவன் இருதயத்தை ஏன் திறக்கவில்லை? நான் அவனைவிட நல்லவள் அல்ல. எங்கள் இருவரில் இளகிய மனம் அவனுக்குத்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் தேவன் தெரிந்துகொள்வதைப்பற்றிப் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 9-ஆம் அதிகாரத்துக்குள் நுழைந்தேன்.

முதலில் அங்கே கிடைத்தது பயம் அல்ல, பெரும் ஆறுதல். “ஆகையால் விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலேயாம்” என்ற வசனத்தை எத்தனையோ முறை கேட்டிருந்தும், அன்றுதான் அது என்னைத் தொட்டது. என் இரட்சிப்பு என் சாமர்த்தியத்தில் தொங்கவில்லை என்பது சுமை இறங்கியதுபோல் இருந்தது. பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். மனிதன் தன் இயல்பான வல்லமையாலேயே தேவனுடைய கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்று போதித்த பெலாகியுவை ஆயர் அகஸ்தீன் எதிர்த்ததையும், 418-இல் கார்த்தேஜில் கூடிய திருச்சபைச் சங்கம் அந்தப் போதனையைக் கண்டித்ததையும், 529-இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் விசுவாசத்தின் தொடக்கம்கூடக் கிருபையின் செயலே என்று அறிவித்ததையும் படித்தேன். அதே ஆரஞ்சு சங்கம், தேவன் தமது வல்லமையால் சிலரைத் தீமைக்கென்று முன்குறித்தார் என்ற எண்ணத்தை முழு வெறுப்போடு நிராகரித்தது. அந்த வரியையும் நான் படித்தேன். ஆனால் நிறுத்தி யோசிக்காமல் கடந்துபோனேன். அங்கே நிறுத்தியிருந்தால் பின்னால் வந்த பல இரவுகள் வேறுவிதமாக இருந்திருக்கும்.

அந்த முதல் நான்கு மாத மகிழ்ச்சியில் நான் செய்த தவறை இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது. எங்கள் வீட்டுக் கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர், தாம் ஆண்டவரை ஏற்றுக்கொண்ட நாளைப்பற்றிக் கண்ணீரோடு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது, “நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, அவர்தான் உங்களை ஏற்றுக்கொண்டார்” என்று இடையில் திருத்தினேன். அவர் சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு அமர்ந்துவிட்டார். உபதேசமாக நான் சொன்னதில் பிழை இருந்திருக்காது. ஆனால் கிருபையைப்பற்றிப் பேசும்போதே கிருபை இல்லாமல் பேச முடியும் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை. இந்த உபதேசத்துக்குள் புதிதாக வருகிற எவரும் முதல் ஓராண்டு அதை வைத்து யாரையும் திருத்தாமல் இருப்பது நல்லது. அது உள்ளத்தில் தங்கி, நம்மைத் தாழ்த்தியபின் பேசினால் போதும்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு பிரசங்கத்தில் எபிரெயர் 6-ஆம் அதிகாரத்தைக் கேட்டேன். ஒருதரம் பிரகாசிக்கப்பட்டும், பரம ஈவை ருசிபார்த்தும், பின்பு மறுதலித்துப் போனவர்களைப்பற்றிய பகுதி அது. மெய்யான விசுவாசத்தைப் போலவே தோற்றம் தரும் தற்காலிக விசுவாசமும் உண்டு என்று பிரசங்கியார் சொன்னார். வீட்டுக்கு வருவதற்குள் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தம்பியும் ஒரு காலத்தில் விசுவாசித்தவன்தானே? அவனுடையது தற்காலிகமானது என்றால், என்னுடையது அப்படியல்ல என்று யார் சொன்னது? என் தகுதியைப் பாராமல் தேவன் தெரிந்துகொள்கிறார் என்பதுதான் நான்கு மாதங்களுக்கு முன் என்னை ஆறுதல்படுத்தியது. அதே உண்மை இப்போது மறுபக்கம் திரும்பி நின்றது. என் தகுதியைப் பாராமல் அவர் என்னை விட்டுவிட்டிருந்தாலும் நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையே.

அன்றிரவு ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்தேன். இடப்பக்கம் நீல மையில், நான் தெரிந்துகொள்ளப்பட்டவள் என்பதற்கான அடையாளங்கள். வலப்பக்கம் சிவப்பு மையில், அதற்கு எதிரானவை. ஜெபத்தில் கண்ணீர் வந்தால் நீலம். அந்தக் கண்ணீரைக் கவனித்து நான் திருப்தியடைந்தால், அது மாய்மாலம் என்று சிவப்பு. வேதம் வாசிக்க ஆசை வந்தால் நீலம். அந்த ஆசையே பயத்தினால் வந்தது என்று தோன்றினால் சிவப்பு. ஒவ்வொரு நீலத்துக்கும் எதிரே ஒரு சிவப்பை எழுத முடிந்தது. எந்தச் சிவப்புக்கும் எதிரே நீலத்தை எழுத முடியவில்லை. நான்கு நோட்டுகள் நிரம்பின. நள்ளிரவுக்கு முன் உறங்கிய நாட்கள் குறைந்தன. ஞாயிறு பள்ளியில் ஆறு ஆண்டுகளாக எடுத்துவந்த வகுப்பை விட்டேன். திருவிருந்தாகிய கர்த்தருடைய பந்தியில் அபாத்திரமாய்ப் பங்குபெற்று என்மேல் ஆக்கினைத்தீர்ப்பை வருவித்துக்கொள்வேனோ என்று அஞ்சி, 14 மாதங்கள் அப்பம் வரும்போது எழுந்து வெளியே போய்விடுவேன். யாரும் கேட்டால் தலைவலி என்றேன்.

அந்த நோட்டுகளில் ஒரு பக்கம் தம்பியின் பெயரில் இருந்தது. அதில் நீல மையே இல்லை. ஒருமுறை அவன் வீட்டுக்கு வந்திருந்தபோது, எதையோ குறித்துக்கொள்ளத் தாள் தேடி அந்த நோட்டைத் திறந்துவிட்டான். நான் அறைக்குள் வந்தபோது அவன் அந்தப் பக்கத்தை வாசித்து முடித்திருந்தான். நோட்டை மூடி மேசையின் ஓரத்தில் நேராக வைத்துவிட்டு, “என்னை எந்தப் பட்டியலில் போட்டிருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன் அக்கா” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான். அதன்பின் எட்டு மாதங்கள் அவன் பேசவில்லை. நானும் அழைக்கவில்லை. நான் இழந்தவற்றில் இதுதான் மிகப் பெரியது.

இடையில் இரண்டு பேரிடம் மட்டும் லேசாகக் கோடிட்டுக் காட்டினேன். ஒருவர், நீ தீர்மானம் எடுத்த நாளும் மணியும் நினைவிருக்கிறதா, இருந்தால் கவலைப்படாதே என்றார். அந்த நாள் எனக்குத் தெளிவாக நினைவில்லாததால் கூடுதலாக ஒரு சிவப்பு வரிதான் மிஞ்சியது. மற்றவர், மெய்யாகத் தெரிந்துகொள்ளப்பட்டவருக்கு இப்படிச் சந்தேகமே வராது என்றார். இருவரும் அன்பானவர்கள், இருவருமே என்னை மேலும் என் உள்ளுக்குள்ளேயே திருப்பிவிட்டார்கள். இரண்டாமவர் சொன்னது உண்மையும் அல்ல. ஆங்கிலப் பிரசங்கியார் ஜான் பனியன், தானும் வேதத்தில் வரும் ஏசாவைப்போல் சேஷ்டபுத்திர பாகத்தை, அதாவது மூத்த மகனின் உரிமையை, விற்றுப்போட்டவன் என்று நெடுங்காலம் நடுங்கியதை 1666-இல் வெளிவந்த தன்வரலாற்றில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையோ, மெய்யான விசுவாசி இரட்சிப்பின் நிச்சயத்தை அடையுமுன் நெடுநாள் காத்திருக்கவும் பல இடர்களோடு போராடவும் நேரலாம் என்று தன் 18-ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. ஆகவே, இந்தப் பாரத்தோடு ஒருவரைத் தேடிப் போவதானால், தாமும் இதற்குள் நடந்து வந்தவரைத் தேடுங்கள். உடனடியாக விடை சொல்பவரிடம் அவசரப்பட்டுப் போகாதீர்கள்.

உடலைப்பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் சபைகளில் இதை யாரும் சொல்வதில்லை. 20-ஆம் மாதத்தில் மூத்த போதகர் ஒருவரிடம் அந்த நோட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு பக்கங்களைப் புரட்டியவுடன் அவர் முதலில் கேட்டது வேதத்தைப்பற்றி அல்ல. எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று கேட்டார். மருத்துவரைப் பார்த்துவிட்டு வா, பிறகு ரோமர் நிருபத்தைச் சேர்ந்து வாசிப்போம் என்றார். முதலில் எனக்கு அது அவமானமாக இருந்தது. மருத்துவரோ, ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைக்கும் ஓசிடி என்னும் நோய் பக்தியின் உருவத்திலும் வரக்கூடும் என்றும், சரிபார்க்கச் சரிபார்க்கச் சந்தேகம் வளரும் என்றும் விளக்கினார். சிகிச்சை என் இறையியல் கேள்விக்கு விடை தரவில்லை. அந்தக் கேள்வியைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும் தெம்பைத் தந்தது. வில்லியம் கௌப்பர் என்ற கவிஞரை நான் இப்போது அடிக்கடி நினைப்பதுண்டு. போதகர் ஜான் நியூட்டனோடு சேர்ந்து ஞானப்பாட்டுகள் எழுதியவர் அவர். 1773-இல் மனநோய் கடுமையாகத் தாக்கியபின், தேவன் தம்மைத் தள்ளிவிட்டார் என்றே 1800-இல் இறக்கும்வரை நம்பினார். நியூட்டன் அவரோடு வாதாடியே ஜெயிக்கப் பார்க்கவில்லை. ஓராண்டுக்குமேல் தம் வீட்டிலேயே வைத்துக் கவனித்துக்கொண்டார். இந்தப் பயத்தில் இருக்கும் ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், வாதத்தைவிட அதுதான் முதலில் தேவை.

பிறகு போதகரும் நானும் வாசிக்கத் தொடங்கினோம். தெரிந்துகொள்ளுதலைப்பற்றி மிகக் கண்டிப்பாகப் பேசியவர்கள் என்று நான் எண்ணியிருந்தவர்களிடமே அவர் என்னை அழைத்துப் போனார். சீர்திருத்தவாதியான கால்வின் தமது பெரும் நூலின் 1559-ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த உபதேசத்தைத் தொடக்கத்தில் வைக்கவில்லை. விசுவாசத்தையும், நீதிமானாக்கப்படுதலையும், ஜெபத்தையும் விளக்கியபின் மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பகுதியில்தான் வைத்திருக்கிறார். அங்கேயும், நாம் தெரிந்துகொள்ளப்பட்டதை நமக்குள்ளே தேடினால் கிடைக்காது, குமாரனை விட்டுப் பிதாவிடத்தில் நேரே தேடினாலும் கிடைக்காது, அதைக் காட்டும் கண்ணாடி கிறிஸ்துவே என்கிறார். 1618, 1619-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் தீர்மானங்களில், முதல் தலைப்பின் 16-ஆம் பிரிவு எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது. உயிருள்ள விசுவாசத்தைத் தங்களுக்குள் இன்னும் உறுதியாக உணராமல், ஆயினும் வசனம், ஜெபம் போன்ற வழிகளை விடாமல் கைக்கொண்டு ஏங்குகிறவர்கள், தள்ளப்படுதலைப்பற்றிக் கேட்டுக் கலங்க வேண்டியதில்லை என்று அது சொல்கிறது. காரணமாக அது காட்டுவது, நெரிந்த நாணலை முறியாமலும் மங்கியெரிகிற திரியை அணையாமலும் இருப்பேன் என்ற தேவனுடைய வாக்கு. அந்தப் பிரிவை வாசித்தபோது அழுதேன். முதல் முறையாக அந்தக் கண்ணீரை எந்த நிறத்தில் எழுதுவது என்று யோசிக்கவில்லை.

எபேசியர் முதல் அதிகாரத்தில் பவுல், “உலகத்தோற்றத்துக்கு முன்னே” என்று எழுதுவதோடு நிற்கவில்லை, “கிறிஸ்துவுக்குள்” என்றும் எழுதுகிறார். நான் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டிருந்தேன். உலகத்தோற்றத்துக்கு முன் நடந்ததைப் பார்க்க எனக்கு வழியில்லை. கிறிஸ்துவிடம் போக வழி உண்டு. “பிதாவானவர் எனக்குக் கொடுக்கிறயாவும் என்னிடத்தில் வரும், என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை” என்று ஆண்டவர் சொன்ன வசனத்தில், தேவனுடைய ஆளுகையும் மனிதனுடைய வருகையும் ஒரே மூச்சில் வருகின்றன. முதற்பாதியை ஆராய்ந்து முடித்தபின்தான் இரண்டாம் பாதிக்குப் போகலாம் என்று அவர் சொல்லவில்லை. நான் இத்தனை மாதங்களாக வாசலில் நின்று, உள்ளே என் பெயர் எழுதியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன், வாசலோ திறந்திருந்தது.

தேவன் எல்லாவற்றையும் தீர்மானித்திருந்தால் என் தெரிவுக்கு என்ன பொருள் என்ற கேள்விக்கு, அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம் எனக்கு உதவியதுபோல் வேறு எந்த விளக்கமும் உதவவில்லை. புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் சொன்னதைப் பவுல் எல்லோருக்கும் அறிவித்துவிட்டார். அதில் ஐயமே இல்லை. பிறகு கப்பலாட்கள் தப்பியோடப் படவை இறக்கியபோது, அதே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம், “இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்” என்கிறார். போர்ச்சேவகர் கயிற்றை அறுத்துப் படவை விழவிட்டார்கள். தேவன் வாக்களித்துவிட்டாரே, யார் எங்கே போனால் என்ன என்று பவுல் இருந்துவிடவில்லை. வாக்கு கயிறறுப்பதைத் தேவையற்றதாக்கவில்லை. அந்தக் கயிறறுப்பின் வழியாகவே வாக்கு நிறைவேறியது. இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை அந்த அதிகாரம் விளக்கவில்லை, பொருந்தியதைக் காட்டுகிறது. எனக்கு அது போதுமாயிருந்தது.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் படியுங்கள் என்று சொல்வேன். டோர்ட் சங்கம் எதிர்த்த இறையியலாளர் ஆர்மீனியஸின் வழிவந்தவர்கள் 1610-இல் முன்வைத்த ஐந்து கூற்றுகளை, எதிர்த்தவர்கள் சொன்னதை வைத்து மட்டுமே நான் அறிந்திருந்தேன். நேரில் படித்தபோது, மனிதன் தன் சுயசித்தத்தின் வல்லமையால் நன்மையானதை நினைக்கவும் முடியாது, எல்லா நன்மைக்கும் தொடக்கமும் தொடர்ச்சியும் நிறைவும் கிருபையே என்று அவர்களும் எழுதியிருப்பதைக் கண்டு திகைத்தேன். அந்தக் கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியுமா என்பது போன்றவற்றில்தான் பிரிவு. அது சிறிய பிரிவு அல்ல. ஆனாலும் கிருபை முந்துகிறது என்பதில் இரு சாராரும் ஒன்றாய் நிற்கிறார்கள். தமிழ் வைணவத்திலும், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போன்றவனா பக்தன், தாய் கவ்விச்செல்லும் பூனைக்குட்டியைப் போன்றவனா என்று ஆசாரியர்கள் நெடுங்காலம் வாதித்திருக்கிறார்கள். அருளை நம்பியவர்கள் எல்லோரும் இந்த இடத்துக்கு வந்தே தீருகிறார்கள் போலும். 1739-இல் ஆங்கிலப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி முன்குறித்தலுக்கு எதிராகப் பிரசங்கித்தார். 1740-இல் அவருடைய நண்பரும் பிரசங்கியாருமான ஒயிட்ஃபீல்டு அதற்கு மறுப்புக் கடிதம் எழுதினார். ஆயினும் 1770-இல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். நான் இன்றும் டோர்ட் பக்கமே சாய்ந்திருக்கிறேன். ஆனால் வீட்டுக் கூட்டத்தில் நான் திருத்திய அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டு, அன்று நின்றுபோன சாட்சியை முழுவதும் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

28-ஆம் மாதத்தில் ரோமர் 9, 10, 11 அதிகாரங்களை ஒரே அமர்வில் வாய்விட்டு வாசித்தேன். துண்டு துண்டாக மட்டும் இப்பகுதியை வாசிப்பவர்களுக்கு இதை மிகவும் வேண்டிக்கொள்கிறேன். “இடைவிடாத மனவேதனையும் உண்டாயிருக்கிறது” என்ற அழுகையோடுதான் 9-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. குயவனையும் களிமண்ணையும்பற்றி எழுதிய அதே கை, 10-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இஸ்ரவேலர் இரட்சிக்கப்படவேண்டும் என்று ஜெபிக்கிறது. அங்கே வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. ஏனென்றால், தம்பியின் பெயரைச் சிவப்பில் எழுதிய நாளிலிருந்து அவனுக்காக ஜெபிப்பதை நான் விட்டிருந்தேன். முடிவு செய்யப்பட்டதற்கு ஜெபம் எதற்கு என்று எண்ணியிருந்தேன். தேவன் எனக்கு வெளிப்படுத்தாத ஒன்றை நானே எழுதி, அதன்மேல் அவருடைய கையெழுத்தையும் போட்டிருந்தேன்.

அடுத்த மாதம் கர்த்தருடைய பந்தியில் உட்கார்ந்தேன். தகுதி வந்துவிட்டது என்று எண்ணி அல்ல. “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று சொன்ன தகப்பனை அவர் திருப்பி அனுப்பவில்லை என்பதற்காக. அப்பத்துண்டு என் உள்ளங்கையில் இருந்தபோது கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த சகோதரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலையே தம்பியை அழைத்தேன். அந்தப் பக்கத்தை எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இப்போது என்னைப்பற்றி என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டான். எனக்குத் தெரியாது, அது தெரிந்துகொள்ள எனக்குக் கொடுக்கப்படவில்லை என்றேன். மறைக்க மனமில்லாமல் மற்றதையும் சொன்னேன்: “உனக்காக ஜெபிப்பதைப் பல மாதங்களாக நிறுத்தியிருந்தேன். அதற்காகவும் மன்னித்துவிடு.” இந்த முறை அவன் நீண்ட நேரம் பேசவில்லை. ஜெபத்தில் நம்பிக்கை இல்லாதவன் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான் என்று நினைத்திருந்தேன். “அதையா நிறுத்தினாய் அக்கா?” என்று அவன் கேட்டபோது குரல் உடைந்திருந்தது. மறுநாள் காலையிலிருந்து மீண்டும் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்துவருகிறேன். அவன் இன்னும் விசுவாசத்துக்கு வரவில்லை. வாரம் ஒருமுறை அழைக்கிறான். வைப்பதற்கு முன், ஜெபித்தாயா என்று கேட்கிறான்.